57ஆம் எண்ணில் இருந்த கட்டுரை

2019ஆம் ஆண்டில், முன்பின் அறிமுகமில்லாத ஒரு பள்ளி ஆசிரியரிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பார்வை மங்கிப்போன முதியவர்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவது எப்படி என்று பத்து ஆண்டுகளுக்கு முன் என் தளத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். எவ்வளவு வேகத்தில் படிப்பது, எங்கே நிறுத்துவது, கேட்பவர் உறங்கிவிட்டால் மறுநாள் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்பன போன்ற சிறிய விஷயங்கள்தாம் அதில் இருந்தன. அதன் முகவரியைத் தம் பாடக்குறிப்பில் எழுதிவைத்து மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்துவந்ததாகவும், இடையில் சில ஆண்டுகள் வேறு வகுப்புகளுக்குப் போயிருந்து இப்போது மீண்டும் அதே பாடத்துக்குத் திரும்பியிருப்பதாகவும் அவர் எழுதியிருந்தார். இம்முறை அந்த முகவரிக்குச் சென்ற மாணவர்கள் வேறொரு கட்டுரையைப் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். பின்னூட்டப் பெட்டியை ஏன் மூடினேன் என்று விளக்கி நான் எழுதிய கட்டுரை அது. “இது இங்கே இனி வேண்டாம் என்று நெடுநாள் யோசித்து முடிவெடுத்தேன்” என்று அது தொடங்குகிறது.

கடிதத்தின் கடைசி வரிகள்தாம் என்னை உறங்கவிடாமல் செய்தன. “பழைய கட்டுரையை நீங்கள் விலக்கிக்கொண்டுவிட்டீர்கள் என்று புரிந்துகொள்கிறேன். அதில் சொன்னவற்றில் உங்கள் கருத்து மாறியிருந்தால் காரணத்தை அறிய விரும்புகிறேன். இத்தனை ஆண்டுகளாக அதைப் படித்த மாணவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.” நான் எதையும் விலக்கிக்கொள்ளவில்லை. அந்தக் கட்டுரை என் தளத்தில், என் தரவுத்தளத்தில், ஓர் எழுத்துகூட மாறாமல் இருந்தது. அதற்குப் போகும் வழி மட்டும் இல்லாமல் போயிருந்தது. வழி அடைபட்டிருந்தால்கூட அவருக்கு உண்மை தெரிந்திருக்கும். அது வேறோர் இடத்தில் கொண்டுபோய் விட்டதால்தான், நான் மனம் மாறிவிட்டேன் என்று ஒருவர் நினைக்க நேர்ந்தது.

அதன்பின் சில மாதங்கள் நான் செய்த வேலைகளையும், ‘சொந்தத் தளம்’ என்ற சொல்லை நான் புரிந்துவைத்திருந்த விதம் எப்படி மாறியது என்பதையும் இங்கே எழுத முயல்கிறேன்.

சொந்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தது

நான் எழுதத் தொடங்கியது ஓர் இலவசச் சேவையில். மூன்று ஆண்டுகளுக்குள் அந்தச் சேவை மூடப்பட்டது. முப்பது நாள் அவகாசம் தந்தார்கள்; ஏற்றுமதிக் கோப்பு ஒன்றையும் தந்தார்கள். ஆனால் அதுவரை பிறர் தங்கள் பக்கங்களில் எனக்குத் தந்திருந்த இணைப்புகள் அனைத்தும் ஒரே நாளில் செத்துப்போயின. அது 2009. அதே ஆண்டு அக்டோபரில்தான் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளச் சேவையை மூடியது. எத்தனையோ பேர் முதன்முதலாகக் கட்டிய பக்கங்கள் அதோடு போயின. இனி என் எழுத்தை யாரும் மூட முடியாத இடத்தில்தான் வைப்பேன் என்று முடிவெடுத்து, தளத்தின் முகவரிப் பெயராகிய டொமைன் பெயர் ஒன்றைப் பதிவு செய்து, பக்கங்களை வைத்திருந்து அனுப்பும் கணினியான வழங்கியில் இடம் பிடித்து, வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளை நிறுவினேன். அன்றிலிருந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் நான் சொல்லிவந்த அறிவுரை ஒன்றே: சொந்தமாகத் தளம் வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் உங்கள் எழுத்து உங்களுடையதாக இருக்கும்.

இந்த அறிவுரை தவறு என்று நான் இன்றும் நினைக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது என் மனத்தில் இருந்த படம் தவறானது. எனக்கு வேண்டியிருந்தது பாதுகாப்பு. பிறர் என் எழுத்தை அழித்துவிடக் கூடாது, என் அனுமதியின்றி விளம்பரம் சேர்க்கக் கூடாது, விதிகளை மாற்றி என்னை வெளியேற்றக் கூடாது என்பதே ‘சொந்தம்’ என்பதற்கு நான் கொண்டிருந்த பொருள். அந்தப் படத்தில் நான் இருந்தேன், என் கட்டுரைகள் இருந்தன, எங்களை அச்சுறுத்தும் ஏதோ ஒரு நிறுவனம் இருந்தது. வாசகர் இல்லை. இலவசச் சேவை இணைப்புகளை முறித்தபோது எனக்கு வந்த கோபம் முழுவதும் என் இழப்பைப் பற்றியது. அந்த இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களும் இழந்தார்கள் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

டொமைன் பெயரை நாம் வாங்குவதில்லை, குத்தகைக்குத்தான் எடுக்கிறோம் என்பதைத் தளம் நடத்துகிறவர்கள் அனைவரும் அறிவார்கள். பொதுவான டொமைன் வகைகளில் ஒரு நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குத்தான் பதிவு செய்ய முடியும். புதுப்பிக்கத் தவறி அது பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டால், 30 நாள் மீட்புக் காலம், அதன்பின் 5 நாள் காத்திருப்பு, பிறகு அந்தப் பெயர் யாருக்கும் கிடைக்கும். ஆகவே முகவரியின் முதல் பாதி வாடகையில் நிற்கிறது. இது எனக்குத் தெரிந்தே இருந்தது. நாட்காட்டியில் குறித்துவைத்துத் தவறாமல் புதுப்பித்தேன். முகவரியின் இரண்டாம் பாதி, அதாவது பெயருக்குப் பின்னால் வரும் பகுதி, முழுவதும் என் கையில் இருந்தது. அதில்தான் பிழை நேர்ந்தது.

எண் என்ன சொன்னது

அக்காலத்தில் வேர்ட்பிரஸை நிறுவினால் ஒவ்வொரு கட்டுரைக்கும் இயல்பாக அமையும் முகவரி மிகவும் எளியது: தளத்தின் பெயர், ஒரு கேள்விக்குறி, ‘பி’ என்ற எழுத்து, ஒரு சமக்குறி, அதன்பின் ஓர் எண். வாசித்துக் காட்டுவது பற்றிய கட்டுரையின் எண் 57. தலைப்பை முகவரியில் காட்டும் அமைப்பும் அப்போதே உண்டு; ஆனால் தமிழில் எழுதும் எனக்கு அது தொல்லையாக இருந்தது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான, யுனிகோடின் யூடிஎப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. முகவரியில் சதவீதக் குறியிட்டு எழுதும்போது அது 9 எழுத்துகளாகிறது. ‘கணினி’ என்ற சொல்லில் மூன்று மெய்யும் இரண்டு உயிர்க்குறியுமாக ஐந்து குறிகள் உள்ளன. முகவரியில் அச்சொல் மட்டும் 45 எழுத்துகளுக்கு நீளும். மென்பொருளோ தலைப்புப் பகுதிக்கு 200 எழுத்துகள்தான் ஒதுக்கியிருக்கிறது. எனவே ஏறத்தாழ 22 குறிகளுக்குப் பின் தமிழ்த் தலைப்பு நடுச்சொல்லில் வெட்டுப்படும். எண் முகவரி சுருக்கமாக இருந்தது, தொலைபேசியில் சொல்லக்கூடியதாக இருந்தது, கையால் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளக்கூடியதாக இருந்தது. அந்த ஆசிரியர் அப்படித்தான் எழுதிவைத்திருந்தார்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதை நான் ஏழு ஆண்டுகள் கேட்டுக்கொள்ளவே இல்லை. வலைப்பதிவு மென்பொருள்களில் இரண்டு வழிகள் உண்டு. 2001இல் வந்த மூவபிள் டைப் போன்றவை, நாம் கட்டுரையை வெளியிடும்போதே அதை ஒரு முழுப் பக்கமாக ஆக்கிக் கோப்பாகச் சேமித்துவிடும். முகவரி என்பது அந்தக் கோப்பு இருக்கும் இடம். 2003 மே மாதத்தில், பி2 என்ற முந்தைய மென்பொருளிலிருந்து கிளைத்து வெளிவந்த வேர்ட்பிரஸின் வழி வேறு. வாசகர் கேட்கும்வரை அங்கே பக்கம் என்று ஒன்று இல்லை. அவர் கேட்கும்போது பிஎச்பி நிரல் தரவுத்தளத்தைப் புரட்டி, உரிய வரிசையை எடுத்து, தளத்தின் தோற்றத்தை வரையறுக்கும் தீமின் சட்டத்துக்குள் வைத்துக் கொடுக்கிறது. 57 என்பது தரவுத்தள அட்டவணையில் அந்தக் கட்டுரை உட்கார்ந்திருந்த வரிசையின் எண். அதாவது மென்பொருள் தன் வசதிக்காக உள்ளே வைத்துக்கொள்ளும் குறிப்பு ஒன்றை நான் வெளியே எடுத்து, வாசகர்களிடம் முகவரி என்று கொடுத்துவந்திருக்கிறேன்.

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். முகவரியில் காலப்போக்கில் மாறக்கூடிய எதையும் வைக்காதீர்கள் என்பது அவர் சொல்வதன் சாரம்: ஆசிரியர் பெயர், பொருள் வகை, கோப்பின் பின்னொட்டு, பின்னால் இயங்கும் மென்பொருளின் அடையாளம் ஆகியவை எல்லாம் மாறும். எழுதப்பட்ட தேதி மட்டும் மாறாது. நான் அதைப் படித்திருந்தேன். படித்தபோது, பெரிய நிறுவனங்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை என்று எடுத்துக்கொண்டேன்.

2016இல் செய்த துப்புரவு

ஏழு ஆண்டுகள் ஓடிய தளத்தில் குப்பை சேரும். கூடுதல் வசதிக்காகச் சேர்த்து, சோதித்துப் பார்த்துக் கைவிட்ட செருகுநிரல்கள் தரவுத்தளத்தில் தம் அட்டவணைகளையும் அமைப்புகளையும் விட்டுவிட்டுப் போயிருந்தன. பக்கங்கள் திறக்கத் தாமதமாயின. 2016இல், புதிதாக ஒரு வேர்ட்பிரஸை நிறுவி, கட்டுரைகளை மட்டும் ஏற்றுமதிக் கோப்பு வழியாக அதற்குள் கொண்டுவருவது என்று தீர்மானித்தேன். அவசரமின்றிச் செய்தேன். புதிய நிறுவலில் தீமைச் சீராக்கினேன், பட்டிகளை (மெனுக்களை) அமைத்தேன், படங்களை ஏற்றினேன்; புதிதாக எட்டுக் கட்டுரைகளையும் அங்கேயே எழுதித் திருத்தி வைத்துக்கொண்டேன். எல்லாம் நிறைவாக இருந்தபின் பழைய கட்டுரைகளை இறக்குமதி செய்து, டொமைனைப் புதிய தளத்துக்குத் திருப்பினேன். இனி முகவரிகளில் ஆண்டும் மாதமும் உரோமன் எழுத்தில் ஒரு சிறு தலைப்பும் இருக்கும்படி அமைப்பை மாற்றினேன். பழைய எண் முகவரிகளைப் பற்றிக் கவலை இல்லை. எண்ணைக் கேட்டு வருகிறவரைப் புதிய முகவரிக்கு மென்பொருளே திருப்பி அனுப்பிவிடும். மூன்று கட்டுரைகளின் பழைய முகவரிகளைச் சோதித்தேன். மூன்றும் சரியாகப் போய்ச் சேர்ந்தன.

நான் சோதித்த மூன்றும் அண்மையில் எழுதியவை. அவற்றின் எண்கள் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. அங்கேதான் தவறினேன். வேர்ட்பிரஸின் அந்த அட்டவணையில் கட்டுரைகள் மட்டும் இருப்பதில்லை. ஏற்றிய ஒவ்வொரு படம், பட்டியின் ஒவ்வோர் உறுப்பு, ஒவ்வொரு கட்டுரையின் ஒவ்வொரு திருத்தப் பிரதி ஆகியவையும் அதே எண் வரிசையிலிருந்து ஆளுக்கு ஓர் எண்ணை எடுத்துக்கொள்கின்றன. எட்டுக் கட்டுரைகளை எழுதித் திருத்தி, படங்களையும் பட்டிகளையும் சேர்த்து முடித்தபோது, புதிய தளத்தில் முதல் 140 எண்களும் தீர்ந்திருந்தன. இறக்குமதிக் கருவி தன் கடமையை ஒழுங்காகவே செய்தது: பழைய எண் காலியாக இருந்தால் அதே எண்ணைக் கொடுத்தது, காலியாக இல்லாவிட்டால் வரிசையின் கடைசியில் அடுத்த எண்ணைக் கொடுத்தது. அப்படி இடம்பெயர்ந்தவை பின்னால் வரவேண்டிய வேறு சில கட்டுரைகளின் எண்களைப் பிடித்துக்கொள்ள, அவையும் இடம்பெயர்ந்தன. பழைய தளத்தின் எண்களில் திருத்தப் பிரதிகளால் ஏற்பட்ட இடைவெளிகள் நிறைய இருந்ததால், ஓரளவுக்கு மேல் இந்த நெரிசல் தானாகவே ஓய்ந்து, அதற்குப் பிந்தியவை எல்லாம் தம் பழைய எண்களிலேயே அமர்ந்தன. நான் சோதித்தவை அந்த அமைதியான பகுதியைச் சேர்ந்தவை.

ஆசிரியரின் கடிதம் வந்த இரவில் இதை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். மொத்தம் 61 கட்டுரைகள் எண் மாறியிருந்தன. அவற்றில் 30 கட்டுரைகளின் பழைய முகவரிகள் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்று 404 காட்டின. 9 முகவரிகள் ஏதோ ஒரு படத்தைத் தனியாகக் காட்டும் பக்கத்துக்குச் சென்றன. மீதி 22 முகவரிகள் முற்றிலும் வேறான கட்டுரைகளுக்குச் சென்றன. இந்த 61 கட்டுரைகளும் தளத்தின் முதல் ஓராண்டைச் சேர்ந்தவை. அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவையும், பிறருடைய பக்கங்களில் நெடுங்காலமாக இணைக்கப்பட்டிருந்தவையும் அவையே.

404 என்பது ஒரு நேர்மையான பதில்

இந்த மூன்று வகைகளையும் நான் ஒரே மாதிரிப் பார்க்கவில்லை. 404 காட்டிய முப்பதும் வருத்தத்தைத் தந்தன. ஆனால் ‘இங்கே நீங்கள் தேடியது இல்லை’ என்று வழங்கி சொல்வது உண்மை. அதைக் கேட்ட வாசகர் தேடுபொறியில் தேடலாம், எனக்கு எழுதலாம், இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் பழைய பிரதியைப் பார்க்கலாம். வேண்டுமென்றே நீக்கியதைச் சொல்ல 410 என்று தனியாக ஒரு பதில் எண்கூட, உலாவியும் வழங்கியும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறையில் உண்டு. இல்லாததை இல்லை என்று சொல்வதற்கு வலை இவ்வளவு ஏற்பாடு செய்துவைத்திருக்கிறது. அந்த 22 முகவரிகளோ வாசகரை 301 என்ற பதிலோடு வரவேற்றன. 301 என்றால் ‘நீங்கள் தேடியது நிரந்தரமாக இந்த இடத்துக்கு மாறிவிட்டது’ என்று பொருள். என் தளம் மூன்று ஆண்டுகளாக, என் பெயரில், ஒவ்வொரு நாளும் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அதை யாரும் பிழை என்று பதிவு செய்யவில்லை. ஏனென்றால் எந்தக் கருவிக்கும் அது பிழையாகத் தெரியாது. உடைந்த இணைப்புகளைத் தேடும் கருவி, பக்கம் திறக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். திறந்த பக்கம் சரியான பக்கம்தானா என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதருக்கு முன்பு அங்கே என்ன இருந்தது என்ற நினைவும் இருக்க வேண்டும்.

404 வந்தவைகூட வழங்கியின் பதிவேட்டில் இருந்தன. நான் பார்க்கவில்லை. வேர்ட்பிரஸ் தளம் நடத்தும் எவரும் அந்தப் பதிவேட்டைத் திறந்தால் காண்பது, உள்நுழைவுப் பக்கத்தையும் நிறுவப்படாத செருகுநிரல்களின் ஓட்டைகளையும் தேடிவரும் தானியங்கிகளின் ஓயாத தட்டல்களைத்தான். அந்த இரைச்சலுக்கு நடுவே, குறிப்பேட்டைப் பார்த்து 31 என்று தட்டச்சு செய்த ஒரு மனிதரின் கோரிக்கையும் ஒரு வரியாகக் கிடந்திருக்கும். அந்த வரிகளை இப்போது தேடி எடுக்க முடியாது. பதிவேடுகள் சில வாரங்களுக்கு ஒருமுறை அழிந்துவிடும்படி நானே அமைத்திருந்தேன். எத்தனை பேர் வந்து, படித்துக் குழம்பி, எழுதாமல் போனார்கள் என்பது எனக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. ஒருவர்தான் எழுதினார். அவருக்கு மாணவர்களிடம் பதில் சொல்லவேண்டிய கடமை இருந்ததால் எழுதினார்.

அந்த இரவில்தான் என் பழைய அறிவுரையின் குறை எனக்கு விளங்கியது. கட்டுரை என்னுடையது, அதைத் திருத்தவும் நீக்கவும் எனக்கு உரிமை உண்டு. முகவரி அப்படியன்று. நான் கொடுத்தபின் அது பிறருடைய பாடக்குறிப்பில் இருக்கிறது, ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் இருக்கிறது, நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அங்கெல்லாம் போய் நான் அதைத் திருத்த முடியாது. திருத்த முடியாத இடங்களில் எழுதப்பட்டுவிட்ட ஒன்றை, என் பக்கத்து முனையில் மட்டும் நின்றுகொண்டு ‘என் சொத்து’ என்று மாற்றிக்கொள்ள எனக்கு என்ன உரிமை? இலவசச் சேவையை நடத்தியவர்கள் எனக்குச் செய்ததை நான் என் வாசகர்களுக்குச் செய்திருந்தேன். அவர்களாவது முப்பது நாள் முன்னதாகச் சொன்னார்கள்.

சீராக்கிய விதம்

பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்த, 2016இல் எடுத்த பழைய தரவுத்தளத்தின் காப்புப் பிரதியைத் தேடினேன். கோப்புகளின் பிரதி இருந்தது. தரவுத்தளத்தின் பிரதி பாதியில் நின்றுபோன ஒரு கோப்பாக இருந்தது. அதை எடுத்த அன்று திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வேர்ட்பிரஸ் தளத்துக்குக் காப்பு என்றால் படங்களும் தீமும் உள்ள கோப்புறை ஒன்று, எழுத்து முழுவதும் உள்ள மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் ஒன்று என இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தளத்தை முழுமையாக மீட்க முடியாது.

விடை நான் தேடாத இடத்தில் இருந்தது. அட்டவணையில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ‘ஜியுஐடி’ என்று ஒரு புலம் உண்டு. தளத்தின் புதிய கட்டுரைகளை அறிவிக்கும் ஆர்எஸ்எஸ் ஓடையைப் படிக்கும் செயலிகள், ஒரு கட்டுரையை ஏற்கெனவே காட்டிவிட்டோமா என்று அறிந்துகொள்வதற்கான நிலையான அடையாளம் அது. கட்டுரை முதன்முதலில் உருவாகும்போது அதற்கு இருந்த முகவரியை மென்பொருள் அந்தப் புலத்தில் எழுதிவைக்கிறது. அதை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது என்று ஆவணங்கள் எச்சரிக்கின்றன. இறக்குமதிக் கருவியும் அதை மாற்றாமல் அப்படியே கொண்டுவந்திருந்தது. புதிய தளத்தில் 163ஆம் எண்ணில் இருந்த கட்டுரையின் அந்தப் புலத்தைப் பார்த்தேன். கேள்விக்குறி, பி, சமக்குறி, 57 என்று இருந்தது. நான் மறந்துவிட்டதை இந்த மென்பொருளை எழுதியவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். முகமறியா அந்த நிரலாளர்கள்மேல் அன்று எனக்கு எழுந்த நன்றியுணர்வு இன்றும் குறையவில்லை. தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரே ஒரு எஸ்கியூஎல் வினவலில், எண்ணும் ஜியுஐடியும் ஒத்துப்போகாத 61 வரிசைகளும் கிடைத்துவிட்டன.

பழைய முகவரிக்கு வருகிறவரைச் சரியான கட்டுரைக்கு அனுப்பும் திசைமாற்றங்களை எழுதுவது அவ்வளவு எளிதாக இல்லை. அப்பாச்சி என்ற வழங்கி மென்பொருளின் சாதாரணத் திசைமாற்றக் கட்டளை முகவரியின் பாதைப் பகுதியை மட்டுமே பார்க்கும். கேள்விக்குறிக்குப் பின் வருவதை அது கண்டுகொள்ளாது. அதற்கு, வினவல் சரம் எனப்படும் அந்தப் பகுதியைத் தனியே சோதிக்கும் நிபந்தனை வரியை, வழங்கியின் அமைப்புகளைச் சொல்லும் எச்டிஅக்சஸ் கோப்பில் ஒவ்வோர் எண்ணுக்கும் எழுத வேண்டியிருந்தது. இலக்கு முகவரியின் இறுதியில் வெறும் கேள்விக்குறி ஒன்றை இடாவிட்டால் பழைய சரம் புதிய முகவரியோடு ஒட்டிக்கொண்டு போகும். முதல் முயற்சியில் ‘57 என்று வந்தால்’ என்று தளர்வாக எழுதியிருந்தேன். 570 முதல் 579 வரை உள்ள கட்டுரைகளும் அந்தப் பொறியில் விழுந்தன. வெளியிடாத வரைவுகளின் முன்னோட்டமும் இதே வடிவ முகவரியில், பின்னால் இன்னொரு சொல் சேர்ந்து வருவதால் சில வரைவுகளும் சிக்கின. சரம் சரியாக அங்கேயே தொடங்கி அங்கேயே முடிய வேண்டும் என்று இறுக்கமாக எழுதியபின்தான் எல்லாம் சரியாயின. இன்னொன்றும் கற்றேன்: நிரந்தர மாற்றமான 301 பதிலை உலாவிகள் நெடுநாள் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால், முதலில் தற்காலிக மாற்றமான 302 என்று வைத்துச் சோதித்துவிட்டுப் பிறகே 301 ஆக்க வேண்டும்.

நுட்பத்தைவிடக் கடினமாக இருந்தது ஒரு முடிவு. இந்த மூன்று ஆண்டுகளில் பின்னூட்டப் பெட்டி பற்றிய புதிய கட்டுரையை, 57 என்ற எண்ணுடைய சுருக்க இணைப்பால் யாரேனும் பகிர்ந்திருக்கக்கூடும். வேர்ட்பிரஸ் அத்தகைய சுருக்க இணைப்பைத் தருகிறது. அதுவும் நான் கொடுத்த முகவரிதான். பழைய கட்டுரைக்கு எண்ணைத் திருப்பித் தந்தால் அவர்களுடைய இணைப்பு தவறாகும். இரண்டு நாள் யோசித்தேன். பழையதே முதலில் கொடுத்த வாக்கு என்பதால் எண்ணைப் பழையதற்கே தந்தேன். இடம் பறிக்கப்பட்ட புதிய கட்டுரையைத் தேடி வருகிறவர்களுக்காக, அந்த 22 பழைய கட்டுரைகளின் தலையிலும் ஒரு வரி சேர்த்தேன்: 2016 முதல் 2019 வரை இந்த எண் முகவரி வேறொரு கட்டுரையைக் காட்டியது, அதைத் தேடி வந்திருந்தால் இங்கே செல்லுங்கள் என்று. அந்த வரி பக்கத்தின் அழகைக் கெடுக்கிறது. இருக்கட்டும்.

இப்போது

அதன்பின் என் தளத்தை நான் நடத்தும் முறை ஒரு விஷயத்தில் மாறியிருக்கிறது. தரவுத்தளத்துக்கு வெளியே, வெறும் உரைக் கோப்பாக ஒரு பட்டியலை வைத்திருக்கிறேன். நான் இதுவரை உலகத்துக்குக் கொடுத்த ஒவ்வொரு முகவரியும் ஒரு வரி. அதற்கு எதிரே அந்தக் கட்டுரையின் தலைப்பு. வேர்ட்பிரஸ் போனாலும், ஒருநாள் நான் ஹியூகோ போன்ற நிலைப்பக்க மென்பொருளுக்கு மாறினாலும் அந்தப் பட்டியல் என்னோடு வரும். மென்பொருளைப் புதுப்பித்தாலும் வழங்கியை மாற்றினாலும், ஒரு சிறு நிரல் அந்தப் பட்டியலில் உள்ள முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறது. பக்கம் திறக்கிறதா என்பதோடு நிற்காமல், திறந்த பக்கத்தின் தலைப்பு பட்டியலில் உள்ள தலைப்போடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கிறது. ஒரு கட்டுரையின் தலைப்பை மாற்றினால் பட்டியலிலும் மாற்ற வேண்டும். அந்தச் சிறு தொல்லையே, மாற்றுவதற்கு முன் ஒருமுறை யோசிக்க வைக்கிறது.

புதிதாகத் தளம் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும்போது, எந்தத் தீம், எந்தச் செருகுநிரல் என்று பேசுவதற்கு முன்னால், நிலையான இணைப்புக்கான அமைப்புப் பக்கத்தைத் திறந்துவைத்து அரைமணி நேரம் உட்காரச் சொல்கிறேன். அங்கே எடுக்கும் முடிவு ஒன்றுதான் பிறருடைய குறிப்பேடுகளில் போய் எழுதப்படப்போகிறது; மற்ற எதையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். தேதியும் சிறிய தலைப்பும் போதும், வகைப் பெயரை முகவரியில் வைக்க வேண்டாம், தமிழ்த் தலைப்பை முழுமையாக நம்ப வேண்டாம், எண்ணைக் கொடுக்கவே வேண்டாம். இவற்றைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போகிறேன்.

அந்த ஆசிரியருக்கு நடந்ததை முழுவதும் எழுதினேன். கட்டுரையை நான் விலக்கவில்லை என்றும், அதில் சொன்ன ஒவ்வொன்றையும் இன்றும் நம்புகிறேன் என்றும், அவர் வைத்திருக்கும் பழைய முகவரி மீண்டும் சரியான இடத்துக்கே வரும் என்றும் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. என் பதிலுக்காகக் காத்திருந்த நாட்களில், பழைய அச்சுப்பிரதி ஒன்றைத் தேடியெடுத்து, அதைப் பார்த்துத் தாமே முழுக் கட்டுரையையும் தட்டச்சு செய்து மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தார்; அந்தக் கோப்பையும் இணைத்திருந்தார். என் கட்டுரையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தேன். பத்து ஆண்டுகளாக நான் கவனிக்காத இரண்டு சந்திப்பிழைகளைத் திருத்தியிருந்தார். ஓரிடத்தில், ‘கேட்பவர் உறங்கிவிட்டால் புத்தகத்தை மூடிவிடலாம்’ என்று நான் எழுதியிருந்த வாக்கியத்தின் முடிவில், பக்க எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்து, அது தம் சேர்க்கை என்பதையும் அங்கேயே குறிப்பிட்டிருந்தார். மூன்று திருத்தங்களையும் என் தளத்தில் அன்றே ஏற்றினேன். முகவரி மாறவில்லை.